பெரட்டில் சொன்ன சொல்

ஆசிரியர் தினத்துக்கு யாராவது தேயிலை டின் கொடுப்பார்களா? அதுவும் பண்டாரவளையில், எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் தேயிலைக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஊரில்? தர்ஷினி கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்துகிற கணக்கியல் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிற பிள்ளை. அவளுக்கு ஒரு கம்பெனியின் தலைமைப் பதவியில் உட்கார வேண்டுமாம். அவள் வயதில் எனக்கும் அதே நோய் இருந்தது.

"எங்க ஸ்கூலுக்கு கம்பெனிக்காரங்க வந்தாங்க மிஸ். எல்லாருக்கும் ஆளுக்கொரு டின். எங்க வீட்டுல தேயிலைக்கா பஞ்சம்? அதான் ஒங்களுக்குக் கொண்டாந்தேன்."

வாங்கிப் பார்த்தேன். மூடுபனி, பச்சை மலை, முதுகில் கூடையோடு பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பெண் நான்தான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த வயதில் எடுத்த படம். முன்தலை நரைத்து, கண்ணாடி போட்ட இந்த மிஸ்ஸை அதோடு சேர்த்துப் பார்க்க தர்ஷினிக்கு வழியில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் இஸ்டோர் மணம் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் இஸ்டோர் என்றுதான் சொல்வோம். அப்புத்தளைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்தில் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்த மணம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குள் வந்துவிடும். பள்ளிச் சட்டையில், போர்வையில், பெரகல கடையில் பாண் சுற்றித் தந்த பத்திரிகைத் தாளில்கூட அது ஏறியிருக்கும். அந்தத் தாளில்தான் என் பைத்தியம் தொடங்கியது. பெரிய மேசைக்குப் பின்னால் சுழலும் கதிரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கீழே 'பிரதம நிறைவேற்று அதிகாரி' என்று போட்டிருந்தது. பாணைத் தின்றுவிட்டுத் தாளை வைத்துக்கொண்டேன்.

அன்றே அடுப்புக்கரியால் சமையல்கட்டு ஜன்னல் பலகையின் உட்புறத்தில் ஒரு ஏணி வரைந்தேன். கீழ்ப்படியில் உயர்தரம், அதற்கு மேலே கணக்கியல் பரீட்சைகள், பிறகு பயிலுனர், முகாமையாளர், பணிப்பாளர், உச்சியில் அந்த நீளமான பதவி. எந்தக் கம்பெனி என்று யோசிக்கவேயில்லை. எனக்குத் தெரிந்த கம்பெனி ஒன்றே ஒன்றுதான், எங்கள் தோட்டத்தை வைத்திருந்தது.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஏணியை அண்ணாந்து பார்த்தாள்.

"உச்சியில இருக்கிறவரு பெரிய தொரைக்கும் மேலயா?"

"மேலதாம்மா. கொழும்புல இருப்பாரு."

"கொழும்புல ஒக்காந்துக்கிட்டு கொழுந்த எப்புடிப் பாப்பாரு?"

அப்பா அப்படியெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்கிறவர் இல்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகுமுன் ஜன்னலைத் திறந்து, "இன்னைக்கு எந்தப் படியில நிக்கிற?" என்பார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார்.

கீழ்ப்படியை நன்றாகவே தாண்டினேன். பெறுபேறு வந்த சில வாரத்தில் பண்டாரவளை வங்கி ஒன்றில் பயிலுனராகவும் என்னை எடுத்துக்கொண்டார்கள். போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியின் தலைவர் தோட்டத்துக்கு வந்தார்.

பெரட்டுக்களத்தில் கூடாரம் போட்டார்கள். பெரட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் ஆட்கள் எல்லாரும் கூடி, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்துக்கொண்டு போகிற இடம் பெரட்டுக்களம். ஆனால் அது வேலை பிரிக்கிற இடம் மட்டுமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு லேசான வேலை, கூரை ஒழுகுகிற வீட்டுக்குத் தகரம், லயத்தில் காலியான காம்பரா யாருக்கு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். தோட்டத்தை நடத்துகிற துரை ஜனங்களுக்கு முன்னால் வாய்திறந்து சொன்னால் சொன்னதுதான். யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. சொன்னபடி நடக்காவிட்டால் மறுநாள் ஒருத்தரும் மலை ஏறாமல் அங்கேயே குந்திவிடுவார்கள். துரைக்கும் அது தெரியும். அந்த இடத்தில் சும்மா பேசுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு அது ஒலிவாங்கி வைத்த வெறும் மைதானம். நன்றாகப் படித்த பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, என்னவாக ஆசை என்று கேட்டார். தண்ணீர்ப் பீலியில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகிய ஆங்கிலத்தில் சொன்னேன், உங்கள் வேலைக்கு வர ஆசை என்று. சிரித்தார். என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். கிளாக்கர் ஐயா அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்:

"நேரா கொழும்புக்கு என்கிட்ட வா, ஒனக்கு ஒரு கதிரை இருக்குன்னு சார் சொல்றாரு."

ஜனங்கள் கைதட்டிய தட்டில் கூடாரம் ஆடியது. அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு புகைப்படக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டையில் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். யாரோ ஓடிப்போய் அம்மாவின் கூடையை வாங்கிவந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு செடிக்கு நடுவில் நில் என்றார்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை என் தலையில் கூடைக் கயிறு பட்டதேயில்லை. பட விட்டதில்லை அம்மா. விளையாட்டுக்குத் தூக்கினால்கூட அடிப்பாள். அந்தக் கயிறு முதன்முதலில் என் தலையில் ஏறியது தேயிலை பறிக்க அல்ல, ஒரு கனவான் நான் கனவு காண்பதைப் படம் பிடிக்க. நானும் ஈயென்று இளித்துக்கொண்டு நின்றேன்.

"கதிரை தாறேன்னவரு எதுக்குக் கூடைய மாட்டச் சொன்னாரு?" என்றாள் அம்மா அன்று சாயங்காலம். அப்பா அவளை அதட்டினார். அந்தக் கூட்டத்தில் விஷயம் விளங்கிய ஒரே ஆள் அவள்தான்.

அப்பா மறுநாளே என்னை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முகாமையாளர் முன்னால் கைகட்டி நின்று, பிள்ளை வராது என்று சொன்னார். அந்த மனிதர் நல்லவர். இங்கே சேரட்டும், அங்கே கூப்பிட்டால் அப்போது போகட்டும் என்றார். அப்பாவுக்கு அது அசிங்கமாகப் பட்டது.

"ஒரு தோட்டத்துல பேரு பதிஞ்சுட்டு இன்னொரு தோட்டத்துல பதியலாங்களா? தொர பெரட்டுல சொல்லிட்டாருங்க."

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தயவுசெய்து சிரிக்காதீர்கள். சொன்ன சொல் தவறாமல் வாழ்ந்த மனிதர் அவர். அடுத்த லயத்துக்காரனுக்குக் கூரை மாற்ற வருகிறேன் என்று சொல்லியிருந்தால் காய்ச்சலோடு போய் ஏறி நிற்பார். தன்னைப் போலவே கம்பெனியையும் நினைத்துவிட்டார்.

கொழும்புக்கு ரயிலில் போனோம். கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டில் தங்கி, காலையில் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். தலைவர் வெளிநாட்டில் இருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் எங்களை வரவேற்பறையிலேயே நிற்கவைத்துப் பேசினார். தமிழ்ப் பிள்ளைதான். விஷயத்தைக் கேட்டதும், "அவர் எல்லாத் தோட்டத்திலயும் அப்பிடித்தான் சொல்லுவார் ஐயா" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல.

"பெரட்டுல வச்சு சொன்னாருங்களே," என்றார் அப்பா.

"பெரட்டு என்டா?"

அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு நாளும் தொடங்குகிற இடம் அதுதான். அங்கே ஆட்கள் கூடாவிட்டால் அவர் கழுத்தில் அந்தப் பட்டி கிடையாது. அந்தச் சொல் அவருக்குத் தெரியவில்லை. அப்பா எப்படி விளக்குவது என்று திணறிக்கொண்டிருக்க, அவர் என்னைக் கூர்ந்து பார்த்து முகம் மலர்ந்தார். தோட்டத்தில் எடுத்த படத்தில் இருப்பவள் நான்தானே என்று கேட்டார். வெள்ளைக்காரர்கள் தேநீர் குடிக்க வரும் கம்பெனிக் கடையில் ஓர் இடம் இருக்கிறதாம். கூடை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வணக்கம் சொல்ல வேண்டுமாம். "உங்களுக்கு நல்லாப் பொருந்தும்."

அப்பாவுக்கு யார் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்று சொல்கிற பழக்கம் உண்டு. அன்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வங்கியில் அதற்குள் வேறு ஆள் சேர்த்துவிட்டார்கள். மரக்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். கரட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்துப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக முடித்தேன். இன்று அதே வியாபாரத்துக்கு நான்தான் கணக்காளர். என் கதிரை சுழலும். ஒரு சக்கரம் இல்லாததால் இடதுபக்கம் கொஞ்சம் சாயும். கெட்டுப்போய்விடவில்லை என்கிறீர்களா? இல்லைதான். ஆனாலும் ஒரு விளம்பரப் படத்துக்காக என் வாழ்க்கையிலிருந்து எத்தனையோ வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அப்பாவைத்தான் என்னால் திருத்த முடியவில்லை. "அந்தப் பையனுக்கு வெவரம் தெரியல. தொர வந்தோன்ன ஆளு அனுப்புவாரு" என்பார். பென்ஷன் வாங்கிய பிறகும் காலையில் பெரட்டுக்களத்துப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதுகூட, "கொழும்புலருந்து ஆளு வந்துச்சா?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன்.

பெரட்டுக்களம் இப்போது இல்லை. பெரிய துரையின் பங்களாவை ஹோட்டலாக்கி, அதன் வாகனத் தரிப்பிடமாக அங்கே கல் பதித்துவிட்டார்கள். வேலை எந்த மலையில் என்பது முந்தின நாளே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. லயத்துக்கு இரும்பு ஜன்னல் போட்டபோது ஏணி வரைந்த பலகை அடுப்புக்குப் போனது. அம்மாதான் எரித்தாள், நன்றாக எரிந்தது என்றாள்.

போன ஞாயிறு வகுப்பு முடிந்ததும் தர்ஷினியை நிறுத்தி, கம்பெனித் தலைவர் பள்ளியில் என்ன பேசினார் என்று கேட்டேன். இவர் புதியவர், பழையவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்.

"படிப்ப முடிச்சிட்டு நேரா என்கிட்ட வாங்க, ஒங்களுக்கு ஒரு கதிரை இருக்குன்னாரு மிஸ். எல்லாரும் கை தட்டுனோம்."

"நீ என்ன செஞ்ச?"

"நானா? ரெண்டு பாங்குக்கும் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கும் அப்ளிகேஷன் போட்டுட்டேன்." புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். "அவங்க சும்மா சொல்றாங்க மிஸ். அதப் போயி யாராச்சும் நம்புவாங்களா?"

கெட்டிக்காரி. அவள் ஏணி ஏறிவிடுவாள், எனக்குச் சந்தேகமில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நம்பிய ஒருத்தர் இருந்தார். இப்போது எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருத்தர்கூட இல்லை.