பல்லில்லாத பிள்ளை

சுண்டுவிரல் பலகையில் ஊன்றியிருக்க, மற்ற விரல்கள் பிரஷைப் பிடித்திருந்தன. பழுப்பில் சிவப்பு ஒரு சொட்டு, மஞ்சள் கொஞ்சம். கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரை ஒரே இழுப்பு. பிறகு கட்டைவிரல் வந்து ஓரத்தை லேசாகத் தேய்த்தது. தட்டையாகக் கிடந்த பெயின்ட், கிள்ளிப் பார்க்கலாம் போன்ற கன்னமாக எழுந்து நின்றது.

ஒகாய்லியின் பலகைகளில் எதையும் குறை சொல்லலாம், கன்னத்தைச் சொல்ல முடியாது என்பது டெஷி சாலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். முடிதிருத்தும் கடைகளுக்கு வரிசை வரிசையாகத் தலைகள், தையல்காரிகளுக்கு இடுப்பு வளைந்த கவுன்கள், மினிபஸ்களின் முதுகுக்குப் பெரிய எழுத்தில் வாசகங்கள் என்று எல்லாமே வரைந்திருக்கிறாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பஸ் நிலையத்தில் ஆண்கள் வரைவதை நின்று பார்த்தாள். மீந்த பெயின்ட்டை வாங்கிவந்து பழைய தகரத்தில் வரைந்தாள், சுரண்டினாள், மறுபடி வரைந்தாள். அவர்களிடமிருந்து அவள் எடுத்துக்கொண்ட வழக்கங்கள் இரண்டு. உயிருள்ள முகம் எதிரே இல்லாமல் முகம் வரையக் கூடாது. வேலை முடிந்ததும் வலது மூலையில் பெயரும் போன் நம்பரும் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வரும். கோணலாகப் போனால் யாரைத் திட்டுவது என்பதும் அதைப் பார்த்துத்தான் தெரியும்.

இப்போது கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்த அவள் மடியில் சாய்ந்திருந்தது கோஷி ஆன்ட்டியின் மருந்துக் கடைப் பலகை. பலகை ஆன்ட்டியுடையது. பெயின்ட்டும் எழுத்து அச்சுத்தாளும் கம்பெனி ஆள் போவாடு கொண்டுவந்து கொடுத்தவை. ஒரு பக்கம் பால்மாவு டப்பா, மறுபக்கம் அதைப் பார்த்து வாய் பிளக்கும் குழந்தை, மேலே கடையின் பெயர். அந்தச் சாலையில் சோப்புக்கும் டீத்தூளுக்கும் பிஸ்கட்டுக்கும் பலகை வைப்பவன் போவாடுதான். ஒகாய்லி வீட்டில் அடுப்பு எரிவதில் பாதி அவன் வேலையால்.

எதிர்ச்சாரியில் புளித்த சோளமாவை அவித்துக் கெங்கே உருண்டை விற்கும் ஷோர்மே, இலையில் இரண்டு உருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்து வைத்தாள். அவள் முதுகில் கட்டிய துணிக்குள் ஓடோய் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று மாதப் பிள்ளை.

"யாரு புள்ளக்கா இது, இப்படிக் கொழுகொழுன்னு?"

"பார்த்தா தெரியல?"

"இந்த டப்பாவக் குடிச்சா இப்படித்தான் ஆகுமா? ஆன்ட்டிகிட்ட ஒண்ணு சொல்லி வைக்கணும். எம் மாமியார் என் பாலு வெறும் தண்ணின்னு சொல்லுது. நாள் பூரா அடுப்புகிட்ட நிக்கறேன்ல."

"வாங்கிக் கட்டுப்படியாகுமாடி உனக்கு?"

"தண்ணி கூட ஊத்திக் கலக்கினா ரொம்ப நாளைக்கு வரும்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று ஒகாய்லி சிரித்தாள். ஷோர்மே சிரிக்கவில்லை.

"முதுகுல இருக்கறவனக் கழட்டிக் கையில எடு, இங்க பாரு. இந்தக் காது யார் காது?"

ஷோர்மே பலகையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பலகையில் இருந்த காதின் மேல்நுனி சற்று மடங்கியிருந்தது. அவள் கையிலிருந்த காதும் அப்படித்தான்.

"அடிப்பாவி, என் புள்ள."

"காலையிலேர்ந்து உன் முதுகைப் பார்த்துதான் வரையறேன். உன் பாலைக் குடிச்ச கன்னம்டி இது. இதே மாதிரி ஆகணும்னு இவனுக்கே டப்பா வாங்கப் போறியா?"

ஷோர்மே பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ நீ ஏன்க்கா இவன் பக்கத்துல டப்பாவ வரைஞ்சு வச்சிருக்கே?"

ஒகாய்லி தான் வரைந்த டப்பாவைப் பார்த்தாள். மீன் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்துக்குப் போவாடு வந்து சேர்ந்தான். பலகையைத் தள்ளி நின்று பார்த்தான்.

"சிஸ்டர், பிரமாதம். ஒண்ணே ஒண்ணு. கீழ உன் பேரு, நம்பர் இதுல வேண்டாம்."

"எல்லாத்துலயும் போடுவேனே சார். சோப்புப் போர்டுல போட்டப்ப ஒண்ணும் சொல்லலியே?"

"இது வேற டிசைன்."

ஒகாய்லி பிரஷைக் கீழே வைத்தாள். "கிளினிக் கதவுக்கு நம்பர் எழுதப் போனப்ப நர்ஸம்மா சொன்னாங்க. கைப்பிள்ளைப் பாலுக்குக் கடையில போர்டு வைக்கறது, தாய்மாருக்கு இனாமா டப்பா கொடுக்கறது, எல்லாமே சட்டப்படி குத்தமாம்."

"அது கைப்பிள்ளைக்கு. இந்த டப்பா ஒரு வயசுக்கு மேல."

"அப்படியா? நல்லதாப் போச்சு. நாலு பல்லு வச்சுடறேன்." அவள் வெள்ளையில் பிரஷைத் தோய்த்தாள்.

"ஏய், பல்லு வேண்டாம்."

"ஒரு வயசுப் புள்ளைக்குப் பல்லு இருக்குமே சார்."

"அழகு போயிடும்."

"அப்போ எழுந்து நிக்க வச்சுடட்டுமா? செருப்பு மாட்டி?"

கடைக்குள்ளிருந்து கோஷி ஆன்ட்டியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இடுப்பில் கைவைத்தபடி வாசலுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு கண்ணாடி அலமாரி தருவதாகப் போவாடு சொல்லியிருந்தான். அதற்காகத்தான் பலகையையே கழற்றிக் கொடுத்தாள்.

"போவாடு, இன்ஸ்பெக்டர் வந்தா போர்டுல யார் பேரு இருக்கும்?"

"உங்க கடை பேருதான் ஆன்ட்டி. ஆனா யாரும் வரமாட்டாங்க."

"யாரும் வரமாட்டாங்கன்னா என் நம்பர் இருந்தா என்ன சார்?" என்றாள் ஒகாய்லி.

போவாடு குரலைத் தாழ்த்தினான். "சிஸ்டர், அடுத்த மாசம் ரோடு முழுக்கப் புதுப் போர்டு வருது. வரையறதுக்கு ஆளா இல்ல?"

அவளுக்கும் அது தெரியும். மகளின் பள்ளிக்கூடமும் ஒழுகும் கூரையும் ஒரு கணம் கண்முன் வந்து நின்றன. அவன் கொடுத்த பெயின்ட் டின்களை ஒவ்வொன்றாக மூடி, உள்ளங்கையால் அடித்து இறுக்கினாள். அச்சுத்தாளைச் சுருட்டி அவன் காலருகே வைத்தாள்.

"இருக்காங்க சார். அவங்களுக்காவது பல்லு வரைய அனுமதி கொடுங்க."

"அலமாரிய மறந்துடுங்க" என்று ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான்.

"எனக்குப் போர்டு வேணும்டி" என்றாள் கோஷி ஆன்ட்டி. "பேரில்லாத மருந்துக் கடையில யாரு மாத்திரை வாங்குவா?"

"இருட்டறதுக்குள்ள தரேன், உள்ள போங்க."

பலகையில் வரைந்த டப்பா இன்னும் ஈரமாக இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஷோர்மேயை எதிரே முக்காலியில் உட்காரவைத்தாள். ஓடோய் விழித்து, சாலையில் போகும் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பால் குடிக்கத் தொடங்கினான். மினிபஸ் நடத்துநர்கள் தலையை நீட்டிக் கூவிக்கொண்டு போனார்கள்.

"மூக்கைக் கொஞ்சம் சின்னதா வையேன்க்கா."

"உங்கம்மா கொடுத்ததை நான் எதுக்குச் செதுக்கணும்?"

தன் சொந்தப் பெயின்ட்டில், டப்பா இருந்த இடத்தில் தாயை எழுப்பினாள். பிள்ளையின் வாயை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது. வலது மூலையில் பெயரும் நம்பரும் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தன.

கோஷி ஆன்ட்டி வெளியே வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"மார்பு தெரியுது. சர்ச்சுக்குப் போறவங்க என்ன சொல்வாங்க?"

"அவங்களும் குடிச்சதுதானே ஆன்ட்டி."

"என் கடை பேருக்குப் போட்டியா உன் பேரு நிக்குதே."

"யார் வந்தாலும் யாரைத் தேடணும்னு தெரியட்டும்."

ஆன்ட்டி மீண்டும் ஒருமுறை அந்தக் காதைப் பார்த்தாள். முக்காலியில் இருந்த பிள்ளையின் காதைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னால் நீட்டினாள்.

ஒகாய்லி பலகையைத் தூக்கி அந்தக் கைகளில் வைத்தாள்.

"ஓரத்தைப் பிடிங்க ஆன்ட்டி. நடுவுல இன்னும் காயல."