மாப்பிள்ளையின் எச்சில்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எலி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. புருஷன் விட்டுப் போன பிறகு எனக்கும் என் மகளுக்கும் சோறு போடுவது எலிகள்தானே என்பாள். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனி வைப்பது, எந்த எலி சுணங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பது, எல்லாம் அவள் வேலை.

அந்த வருஷம் வயலில் பிடித்த எலிகள் வந்து சேர்ந்தன. கழுத்துக்கடியில் இருக்கும் எச்சில் சுரப்பிகளை ஆராய டாக்டரம்மா கொண்டுவந்தவை. ஆளைக் கண்டாலே பல்லைக் காட்டும் முரட்டுக் கும்பல். குட்டியாக வந்த ஒன்று மட்டும் அவள் கையில் ஏறி உட்காரும். தீனியை நீட்டினால் சட்டென்று வாங்காது, கொஞ்சம் கெஞ்ச வேண்டும். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர். அதை மட்டும் அறுக்காதீர்கள் என்று டாக்டரம்மாவின் பின்னாலேயே அலைந்து, சரி என்று சொல்லவும் வைத்துவிட்டாள்.

ஒரு கோடை மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை செருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஏசி நின்ற அறை அனலாய்க் கொதித்தது. வயலுக்குப் போயிருந்த டாக்டரம்மாவின் போன் கிடைக்கவில்லை. எலி அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல்களைத் திறந்து, தண்ணீர் பாட்டில்களை நிரப்பிவிட்டுத் திரும்பினால், எல்லா எலிகளுக்கும் வாய் ஒழுகுகிறது! கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் சொதசொத. எச்சில் வடித்தால் நோய், ஈரத்தோடு விடக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மற்றதைத் தொட்டால் விரல் மிஞ்சாது. மாப்பிள்ளையை மட்டும் மடியில் போட்டுத் துணியால் துடைத்தாள். அது மறுபடியும் நக்கி நனைத்துக்கொண்டது.

"சும்மா இருடா தங்கம், உடம்புக்கு ஆகாது" என்று சொல்லிச் சொல்லித் துடைத்தாள். பொழுது சாயும்வரை இதே பாடு. ஒருவழியாக அது நக்குவதை நிறுத்தியபோது, தூங்கிவிட்டது என்று நினைத்து மெல்லக் கூண்டில் விட்டாள்.

மறுநாள் காலையில் முரட்டுக் கும்பல் மொத்தமும் பல்லைக் காட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. மாப்பிள்ளை விறைத்துக் கிடந்தது. எதைக் கத்திக்குத் தப்பவைத்தாளோ அதையே அவள் கையால் எடுத்துக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேசையில் வைக்க வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா கழுத்தைத் திறந்து காட்டினார். "இதோ பாருங்கக்கா, சுரப்பி எப்படிச் சுருங்கிக் கிடக்கு. எலிக்கு நம்மள மாதிரி வேர்க்காது. சூடு ஏறினா இதுதான் எச்சிலக் கொட்டும். அத உடம்பெல்லாம் பூசிக்கும். அந்த ஈரம் காயக் காய சூடு தணியும். மத்ததெல்லாம் அப்படித்தான் பிழைச்சிருக்கு. இது மட்டும் ஏன்னுதான் புரியல."

"நான் தொடச்சுட்டேன் மேடம்."

"என்னது?"

"ஈரமா இருக்கேன்னு... சாயங்காலம் வரைக்கும் தொடச்சுக்கிட்டே இருந்தேன்."

டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை நோயில் போயிருந்தால் எலி அக்கா அழுதாவது தீர்த்திருப்பாள். இதற்கு எப்படி அழுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். விளையாடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த மகள் வழக்கம்போல் முகத்தை நீட்டினாள். துண்டை எடுத்த கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"தொடச்சு விடும்மா, கண்ணு எரியுது."

"வேணாம்டி. தானாக் காயட்டும்."

மகள் ஒன்றும் புரியாமல் தானே துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அந்தக் கையையும் எட்டிப் பிடித்துக்கொண்டாள் எலி அக்கா. விடவேயில்லை.