காத்தாயியின் ஒப்பாரிக்கு வந்த திருத்தங்கள்

இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் கருப்பம்மாவுக்குப் பகலில் தரை துடைக்கும் உத்தியோகம். பொழுது சாய்ந்தால் அதைவிடப் பெரிய உத்தியோகம்: தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவள்தான். முன்னதில் முதுகு போயிற்று, பின்னதில் தொண்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் அரிசியும் மாவும் அருகிப் பட்டினிச் சாவுகள் பெருகியதால் தொழில் அமோகமாக நடந்தது. அவளுக்குத்தான் நிற்கத் தெம்பில்லை.

அந்த வருடம் பெண்கள் வார்டில் காத்தாயி கால் வீங்கிக் கிடந்தாள். ஒரே மகள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். காத்தாயி சாவுக்குப் பயப்படவில்லை. அழ ஒரு மகளில்லாமல் போவதற்குத்தான் பயந்தாள்.

"கருப்பம்மா, எனக்கும் நீதானே பாடப்போற? என்னா பாடுவேன்னு இப்பவே பாடிக் காட்டு."

"உசுரோட இருக்கிறவளுக்கு ஒப்பாரியா? பாவம் என் தலையில விழும்க்கா."

பக்கத்துக் கட்டில் பெரியாயி இந்தச் சட்டச் சிக்கலை அவிழ்த்தாள்: "ஆளுக்கொரு வரி பாடுவோம். பாவத்தப் பங்கு போட்டுக்கலாம்."

கருப்பம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு, எல்லாச் சாவுக்கும் பாடுகிற அதே பாட்டை அலுப்போடு எடுத்தாள்.

"தங்கக் கட்டிலிலே தல சாஞ்ச மகராசி..."

"நிப்பாட்டு. தங்கக் கட்டிலா? இந்த இரும்புக் கட்டில்ல மூட்டப்பூச்சி கடிச்சது யார, ஒங்க ஆத்தாளையா?"

கட்டில் இரும்பாயிற்று. அடுத்து, ராசாவைப் போன்ற புருசன்.

"அந்தக் குடிகாரப் பய ராசாவா? எடு அத."

"செத்தவர கொற சொல்லக் கூடாதுக்கா" என்றாள் பெரியாயி.

"நாந்தானேடி அவனோட குடும்பம் நடத்துனேன்!"

புருசன் ஏகமனதாக நீக்கப்பட்டார். அந்தக் காலியிடத்துக்குக் காத்தாயியே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்து, வரி கொடுத்தாள்:

"கொழுந்துக் கூடைய எறக்கிவச்சேன் மடுவத்து வாசலிலே
பெத்த மவ பாரத்த நான் எங்க கொண்டு எறக்கிவெப்பேன்..."

வார்டு முழுக்க நிஜமாகவே அழுதது. சத்தம் கேட்டு, ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரான மருந்தையா தம்பையா ஓடிவந்தார்.

"ஆர் செத்தது?"

"இன்னும் இல்லீங்கய்யா" என்றாள் காத்தாயி, எழுந்து உட்கார்ந்து. "திருத்தம் நடக்குதுங்க."

"ஆஸ்பத்திரியில இதென்ன கூத்து? நிப்பாட்டுங்கோ!"

நின்றது. அவர் மருந்தறைக்குத் திரும்பியதும் தணிந்த குரலில் தொடர்ந்தது. அன்று காத்தாயிக்குக் கஞ்சி முழுதாக இறங்கியது. தம் மருந்துதான் காரணம் என்று மருந்தையா நம்பினார், நாமும் நம்புவோமாக.

இப்படியே தினமும் திருத்தம் நடந்தது. பாட்டு முடியாமல் சாக முடியாது என்பதைப்போல் காத்தாயியும் இழுத்துக்கொண்டு கிடந்தாள். மழை பிடித்த பிறகு ஒரு காலையில், இனித் திருத்த ஒன்றுமில்லை என்றாள். சாயங்காலம் கண்ணை மூடினாள்.

லயத்துக்குத் தூக்குமுன் உடம்பை விறாந்தையில் கிடத்தினார்கள். அதற்கு முந்தைய இரவும் ஒரு சாவு வீட்டில் கத்திவிட்டு வந்திருந்த கருப்பம்மா, கடமை தவறாமல் தலைமயிரை அவிழ்த்தாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதற்குள் பெரியாயி இரும்புக் கட்டில் வரியைத் தொடங்கியிருந்தாள். எழ முடிந்த நோயாளிகளெல்லாம் தோளைப் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"நீ உக்காரு தங்கச்சி" என்றாள் பெரியாயி, வரிக்கும் வரிக்கும் நடுவில். "இந்தப் பாட்டு எங்களுக்கே மனப்பாடம்."

தன் ஆயுளில் முதன்முறையாக ஒரு சாவில் கருப்பம்மா சும்மா உட்கார்ந்தாள். யாரோ கையில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணி கொடுத்தார்கள். காத்தாயிக்கு மகள்கள் சுற்றிலும் அழுதுகொண்டிருந்தார்கள். மகளின் பாரம் வரும் வரிக்கு முன்பே, சுவரில் சாய்ந்தபடி கருப்பம்மா தூங்கிப்போனாள்.