சாவு இரண்டு

அன்று காலை கதவில் மெத்தை இல்லை. இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறைதான் அவளுடைய இசைக்கூடம். ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். நான்காவது ஆள் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். சத்தம் வெளியே கசியாமலிருக்கக் கதவின் உள்பக்கம் ஒரு பழைய மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஏசி ஒழுகி மெத்தை நனைந்து நாற்றமெடுத்ததால் மாமியார் அதை அவிழ்த்துப் பால்கனியில் வெயிலுக்குப் போட்டுவிட்டார்.

மத்தியானம் டைரக்டரும் தயாரிப்பாளரும் வருகிறார்கள். அவர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டிய காட்சியை அவள் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒரு பேருந்து நிறுத்தம். ஓர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மகன் வருவதாகச் சொன்ன பேருந்து வந்து நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். அவன் இல்லை. அவள் அடுத்த பேருந்துக்காக மறுபடியும் உட்காருகிறாள். மகன் என்ன ஆனான் என்பது படத்தின் முடிவில்தான் தெரியும். அந்தக் காத்திருப்புக்கு அவள் செய்திருந்த மெட்டில் அடிக்குரல் வயலினான செல்லோ நான்கு சுரம் படியிறங்கி வரும். ஐந்தாவது படியில் கால் வைக்காமல் அப்படியே நின்றுவிடும்.

கதவு படாரென்று திறந்தது.

"யாரும்மா செத்தா?"

மாமியார் கையில் கரண்டியோடு நின்றார்.

"யாரும் சாகலையே, அத்தை. ஏன்?"

"சமையக்கட்டுல நின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டிவிய அணைக்காம வந்துட்டேனோன்னு ஓடினா அது அணைஞ்சுதான் கெடக்கு. மூத்த மருமக போய்ச் சேர்ந்துட்டாளோன்னு நெனச்சேன். நேத்தே அவளை ஆபரேஷன் ரூமுக்குள்ள தள்ளிட்டுப் போனாங்க."

"இது சீரியல் இல்ல அத்தை. என் படம்."

"படமா?" மாமியார் ஸ்பீக்கரைச் சந்தேகமாகப் பார்த்தார். "சாவு மியூசிக்கில்ல கேட்டுச்சு? அது வந்தா அங்க ஒரு ஆள் காலின்னு அர்த்தம். நீ போட்டதுதானே, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. தான் இசையமைத்த சீரியலை அவள் பார்த்ததே இல்லை. அந்தத் தொழிலில் அதற்கு அவசியமும் இல்லை. மேடைக் குழுவில் கீபோர்டு வாசித்து, விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டு, பிறகு சீரியலுக்கு வந்தவள். கதை கேட்டு, காட்சி பார்த்து இசையமைக்கலாம் என்ற கனவோடுதான் முதல் நாள் போனாள். அவர்கள் கேட்டதோ மளிகைப் பட்டியல் மாதிரி: அழுகையில் ஒரு டஜன், அதிர்ச்சியில் அரை டஜன், 'மாமியார் வருகை' நாலு, சாவு மூன்று. செய்து கொடுத்துவிட்டால் எடிட்டர் வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டிக்கொள்வார். பல வருஷம், பல சீரியல். அங்கே அவளுக்கு 'அழுகை மேடம்' என்றே பெயர். வீட்டில் அத்தை காப்பியோடு வரும்போதெல்லாம் கணவன் 'மாமியார் வருகை'யை மூக்காலேயே வாசிப்பான்.

இந்தப் படம் அப்படி வந்ததல்ல. இது அவளுடைய முதல் படம். டைரக்டர் இளவயசுக்காரன், அவள் ஒரு விளம்பரத்துக்குப் போட்ட மெட்டைக் கேட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வந்தான். தயாரிப்பாளருக்குத்தான் மனசில்லை. "சீரியல் வாடை ஒரு இடத்துல அடிச்சாலும் வேற ஆளைப் பாத்துக்குவேன்மா, அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். வேற ஆள் தயாராக இருப்பதும் அவளுக்குத் தெரியும். போன வாரம் இந்த ஒரு மெட்டைக் கேட்ட பிறகுதான் அவர் வாய் அடங்கியது. "இது படம்" என்றார். அந்த இரண்டு வார்த்தையை அவள் ஒரு வாரமாகக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

மாமியார் போனதும் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தாள். சீரியல். சோகம். சாவு ஒன்று. அதுவல்ல. சாவு இரண்டு.

நான்கு சுரம் படியிறங்கி வந்தது. ஐந்தாவதில் நின்றது.

செல்லோவுக்குப் பதில் கீபோர்டில் செய்த மட்டமான வயலின். நடை கொஞ்சம் மெதுவு. மற்றபடி அதேதான். பாலைக் காய வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் செய்து அனுப்பியது என்பதுகூட நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இரண்டு மாதம் தவித்து, உள்ளேயிருந்து தோண்டி எடுத்ததாக நினைத்தது இதுதானா?

எடிட்டருக்குப் போன் போட்டாள். சீரியலில் வெட்டி ஒட்டுகிறவர். எல்லோருக்கும் அவர் கத்தரி அண்ணன்.

"அண்ணா, சாவு ரெண்டுன்னு ஒண்ணு குடுத்திருந்தேனே, அது இன்னும் ஓடுதா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? அது இல்லாம இங்க ஒருத்தர் நிம்மதியா கண்ண மூட முடியுமா? போன வாரம்தான் ஒரு மாமனாரை வழியனுப்பி வச்சேன். இன்னிக்கு மூத்த மருமக."

"அதை வேற எதுக்காவது எடுத்தா?"

"யாரு எடுத்தா?" குரலில் விளையாட்டுப் போய்விட்டது. "எல்லாம் கம்பெனி சொத்தும்மா, கையெழுத்து போட்டவ நீதானே. ஒருத்தன் விளம்பரத்துக்கு எடுத்துட்டு நோட்டீஸ் வாங்கி அலையறான். ஏன் கேக்குற?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு மெட்டை மறைக்கப் பார்த்தாள். சுருதியை மாற்றினாள். இறங்குவதை ஏறவிட்டாள், அம்மாவுக்குப் பரிசு விழுந்த மாதிரி இருந்தது. நடையை உடைத்தாள், நொண்டியது. செல்லோவை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்தாள். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "இப்ப சின்னப் புள்ள யாரோ போயிடுச்சு போலிருக்கே, பாவம்!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டைரக்டர் சீரியல் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் வீட்டிலும் பார்க்க மாட்டார்களாம், பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று தப்பிவிடலாம். படம் வந்த பிறகு? நோட்டீஸ் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் கரண்டியோடு வந்து நின்றதே, அது. தியேட்டரில் உட்காருகிற ஒவ்வோர் அத்தையும் அந்த நாலு சுரத்தைக் கேட்ட உடனே பக்கத்து சீட்டில் சொல்லிவிடுவாள்: பையன் செத்துட்டான். படம் முழுக்க மூடி வைத்ததை மெட்டு முதலிலேயே போட்டு உடைத்துவிடும்.

அவர்கள் வந்துவிட்டார்கள். டைரக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். தயாரிப்பாளர் இன்னொன்றில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"அந்த பஸ் ஸ்டாப்புல இருந்தே போடுங்க மேடம். நாளைக்குச் செல்லோக்காரரை வரச் சொல்லியாச்சு" என்றான் டைரக்டர்.

அவள் கை மவுஸின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"போடும்மா, என்ன யோசனை?" என்றார் தயாரிப்பாளர்.

"அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேளுங்க, சார்."

சாவு இரண்டைப் போட்டாள். முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம மெட்டுதானே? ஏன் இப்படிச் செத்த மாதிரி கேக்குது?" என்றான் டைரக்டர்.

"சாவுக்குப் போட்டதுதான். சீரியலுக்கு, ரொம்ப வருஷம் முன்னாடி. நானே போட்டேன், மறந்தும் போயிட்டேன். திரும்ப என் கையில வந்தப்ப புதுசுன்னு நெனச்சுட்டேன். இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது. மெட்டு இப்போ சீரியல் கம்பெனியோடது."

தயாரிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "சொன்னேனா இல்லையா தம்பி? நான் வாடைன்னேன். இந்தம்மா பொணத்தையே கொண்டாந்து வச்சிருக்கு."

டைரக்டர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"மேடம்," என்றான் கடைசியில், "இப்ப அந்த இடத்துல என்ன வைக்கிறது?"

"தெரியல. காலைல இருந்து என்னென்னவோ வச்சுப் பாத்தேன். எது வச்சாலும் அவனுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிடுது."

"தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு ஆளா?" என்றார் தயாரிப்பாளர். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். யாரைக் கூப்பிடப் போகிறார் என்று மூவருக்கும் தெரியும்.

அவள் மெட்டை எடுத்துவிட்டாள். வேறு எதையும் வைக்கவில்லை; கையை என்ன செய்வதென்று தெரியாமல் காட்சியை மட்டும் ஓடவிட்டாள். பேருந்து எஞ்சின் உறுமல். கதவு மடங்கித் திறக்கும் சத்தம். செருப்புகள். எங்கோ ஒரு சைக்கிள் மணி. அம்மாவின் மடியில் பிளாஸ்டிக் பை நசுங்குவது இதுவரை அவள் காதில் விழுந்ததே இல்லை. தயாரிப்பாளர் போனைக் காதில் வைத்தபடி திரையைப் பார்த்தார்.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு மாமியார் காப்பித் தட்டோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பேருந்து கிளம்பிப் போனது. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின.

"இந்தம்மா பாத்துக்கிட்டிருக்குறது புள்ளையத்தானே," என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி, "அடுத்த பஸ்ஸுலயாவது வந்துருவானா?"

போனில் மறுமுனை "ஹலோ, ஹலோ" என்றது. தயாரிப்பாளர் அதைப் பார்த்தார். "அப்புறம் கூப்பிடறேன்" என்று அணைத்துவிட்டு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"மியூசிக் போடாததுக்கெல்லாம் என்கிட்ட காசு கேக்கக் கூடாதும்மா."

"கேக்க மாட்டேன் சார்."

"அப்ப அடுத்த சீனைப் போடு, பாக்கலாம். அதுல எவனைக் கொன்னு வச்சிருக்கியோ."

நான்கு பேர் ஆகிவிட்டதால் அவள் எழுந்து நாற்காலியை மாமியாருக்குக் கொடுத்தாள். நின்றபடியே அடுத்த காட்சியை ஓட்டினாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது திரையை அல்ல, அத்தையின் முகத்தை.