டெமோ அக்கா காட்டிய படம்

கடைத்தெருவில் எல்லோரும் அவளை டெமோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்த தையல்காரருக்குக்கூட அவள் அக்காதான். தொலைபேசிக் கம்பெனியின் கண்ணாடிக் கடையில், கதவுக்கு நேர் எதிரே அவள் மேசை. அதன்மேல் முதுகு புடைத்த ஒரு கணினித் திரை, திரையின் உச்சியில் ஒற்றைக் கண் மாதிரி ஒரு குட்டிக் கேமரா, பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும் மோடம். வருகிறவர்களை உட்காரவைத்து, பிராட்பேண்ட் என்றால் என்ன என்று காட்டுவது அவள் வேலை. காட்டுவது சுலபம். நம்பவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அது போன் லைன் கீச்சுக் கீச்சென்று கத்தி, ஒரு போட்டோ நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்குவதற்குள் டீ ஆறிப்போகும் காலம். அந்தக் காலத்து ஆட்களை உட்காரவைத்து, தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண்ணைத் திரையில் காட்டி, இவள் இந்த நிமிஷம் உங்களைப் பார்க்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மேசைக்கு அடியில் தவழ்ந்து ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தார். மருந்துக் கடைக்காரர், பக்கத்து அறையில் ஆளை உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிக் கதவைத் திறந்தார். உள்ளே துடைப்பமும் ஒரு வாளியும் இருந்தன. “ஆளு டீ குடிக்கப் போயிருப்பா” என்றார், அசராமல்.

அவர்கள் சந்தேகம் ஒன்றும் அநியாயமில்லை. லைன் அப்போது நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் நேரமாகப் பார்த்து நிற்கும். அதற்காகவே கம்பெனி ஒரு வழி செய்துகொடுத்திருந்தது. தலைமை அலுவலகப் பெண் வணக்கம் சொல்வதை, சிரிப்பதை, நீலக் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடிப்பதை, தலையாட்டுவதை எல்லாம் முன்கூட்டியே பிடித்துக் கணினிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். லைன் நின்றால் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டியதுதான். படம் ஓடும். மேலாளர் அதற்குப் பாதுகாப்புப் படம் என்று பெயர் வைத்திருந்தார்.

டெமோ அக்காவுக்கு அதில் கை பழகிவிட்டது. படத்தில் இருப்பவள் எப்போது தலையாட்டுவாள், எப்போது சிரிப்பாள் என்று மனப்பாடம். தலையாட்டலுக்கு ஒரு நொடி முன்னால் “அங்க மழையாம்மா?” என்று கேட்பாள். அவள் ஆட்டுவாள். சிரிப்புக்கு முன்னால், “சார் உங்கள நிஜமான்னு கேக்கறாரு” என்பாள். அவள் சிரிப்பாள். வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அம்மாவிடம் நடித்துக் காட்டுவாள். அவளும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. காய் நறுக்கும் பலகையைத் திரையாக நிமிர்த்தி, அதன் பின்னால் முகத்தை வைத்து, டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, தலையாட்டுவாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “அடிப்பாவி, செத்தவங்களக்கூட இப்படி உயிரோட காட்டிடுவ போலிருக்கே” என்று ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

எதிர்க்கடைத் தையல்காரர்தான் குட்டை உடைத்தார். மிஷினில் உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு நேரே இந்தக் கண்ணாடிதான். நாள் முழுக்கப் பார்த்தவருக்குப் படத்தின் அளவு பிடிபட்டுவிட்டது. ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது உள்ளே வந்து நின்றார். “இப்ப நீலக் கப்பு எடுப்பா பாருங்க” என்றார். எடுத்தாள். “இப்ப மழை வருதான்னு அக்கா கேக்கும்.” டெமோ அக்கா வாய் திறக்கவில்லை. திரையில் இருந்தவள் யாரும் கேட்காத கேள்விக்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். கடையே சிரித்தது. அதற்கப்புறம் லைன் உண்மையாகவே ஓடிய நாட்களிலும், போகிறவர்கள் கதவைத் திறந்து தலையை நீட்டி, “என்னக்கா, கப்பு எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கதையையும் அவள் அம்மாவிடம் நடித்துக் காட்டினாள்.

அவளுக்கு ஒரு தம்பி. கடல் தாண்டி ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போனவன். போக வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கடைசியில் பேச்சையே நிறுத்தினாள். அவன் பெட்டியைத் தூக்கிய காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள், அவன் போன பிறகுதான் வெளியே வந்தாள். போன இடத்திலிருந்து அவன் ஒரு போட்டோ அனுப்பினான். அம்மா எடுத்துக்கொடுத்த கட்டம் போட்ட சட்டையில், கப்பலின் வயிற்றுக்குக் கீழே நின்று சிரிக்கிற போட்டோ. அம்மா அதை அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தாள். அவன் வாராவாரம் போன் செய்தான். அம்மாவும் கோபம் மாறாதவள் மாதிரியே, ஆனால் போனை வைக்க விடாமல் பேசினாள்.

பிறகு போன் நின்றது. தம்பிக்கு நெஞ்சில் நோய். புகையில் வேலை செய்து செய்து வந்தது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். வைத்தியத்தில் குரல் தேய்ந்து, பாதிக்கு மேல் காற்றுதான் வந்தது. அக்காவின் கடை எண்ணுக்கு மட்டும் அவன் கூட்டாளி கூப்பிட்டு விவரம் சொல்லுவான். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று தம்பி சத்தியம் வாங்கியிருந்தான். அம்மா கேட்கும்போதெல்லாம் அவள், அங்கே லைன் கோளாறு என்றாள், வேலை நேரம் மாறிவிட்டது என்றாள், கடைக்குக் கூப்பிட்டு உன்னை விசாரித்தான் என்றாள். அம்மா அவள் முகத்தையே பார்ப்பாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள்.

டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று கூட்டாளி சொன்ன அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கூட்டாளியின் அறையில் ஒரு கணினி இருந்தது, கேமராவும் இருந்தது. திரையில் சத்தம் எப்போதுமே கரகரவென்றுதான் வரும். தம்பியின் குரலுக்கு மிஷின்மேல் பழியைப் போட்டுவிடலாம். அம்மா ஒரு தடவை அவனைப் பார்த்துவிடுவாள், அவன் அம்மாவைப் பார்த்துவிடுவான். அது போதும் என்று நினைத்தாள். மேலாளரிடம் கெஞ்சி, விடுமுறை நாள் காலையில் கடைச் சாவியை வாங்கினாள்.

அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பாதி ஏற்றிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, வாடிக்கையாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டெமோ அக்கா பக்கத்தில் நின்று லைனைப் போட்டாள். வழக்கத்துக்கு மாறாக அன்று உடனே கிடைத்தது.

திரையில் தம்பி இருந்தான். முகச்சவரம் செய்து, தலை படிய வாரியிருந்தான். அம்மா பார்த்தால் மனம் நிறையட்டும் என்று அந்தக் கட்டம் போட்ட சட்டையைத் தேடியெடுத்துப் போட்டிருந்தான். உடம்பு இளைத்தது தெரியாமல் இருக்க, கூட்டாளி அதை முதுகுப் பக்கம் இழுத்து ஊசி குத்தியிருந்தானாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்கிற மாதிரி உட்காரவைத்திருந்தான். எல்லாம் சேர்ந்து, அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்த போட்டோவே இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தம்பி சிரித்தான். தலையாட்டினான். தொண்டை காய்ந்திருக்க வேண்டும், பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

அம்மாவின் முதுகு விறைத்தது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் விரல்கள் பொத்தான் பலகைமேல் இருந்தன.

“பேசும்மா” என்றாள் டெமோ அக்கா. “அவன்தான். பேசு.”

அம்மா திரையைப் பார்த்துக் கேட்டாள். “நீ கிளம்பிப் போன அன்னைக்கு நான் எங்கடா இருந்தேன்?”

லைன் நின்றது.

டம்ளரை உதட்டிலிருந்து பாதி இறக்கிய நிலையில் தம்பி அப்படியே உறைந்துபோனான். மோடத்தின் பச்சை விளக்கு சிவப்பானது. டெமோ அக்கா, இரும்மா வந்துடும் வந்துடும் என்று ஒயரை அசைத்தாள், மோடத்தைத் தட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் அந்த அசையாத முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கையை நீட்டித் திரையில் அவன் கன்னம் இருந்த இடத்தைத் தொட்டாள். எழுந்தாள்.

“எப்பப் போனான்?” என்று கேட்டாள்.

“அம்மா, ஐயோ, அவன் இருக்கான்மா. லைன்தான் நின்னுடுச்சு.”

“உன்மேல கோபமில்லடி. என்னைத் தேத்தத்தான் செஞ்சிருக்க.” குனிந்து ஷட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள்.

டெமோ அக்கா பின்னால் ஓட ஓர் அடி வைத்தாள். அப்போது திரையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. விளக்குப் பச்சையாகியிருந்தது. தம்பி மூச்சை இழுத்து இழுத்து, நாற்காலியைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“...குளியலறைக்குள்ள. அழுற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு குழாயத் திறந்து விட்டிருந்த. வாளி நிரம்பி வழிஞ்சுதும்மா. கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் போனேன்.” கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “அக்கா, அம்மா எங்க எழுந்து போனாங்க?”

அதற்குப் பிறகு அவள் செய்யாததில்லை. சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னாள். தம்பிக்கு உடம்புக்கு முடியவில்லை, குரல் போய்விட்டது, அதனால்தான் போன் இல்லை என்றாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள். “இன்னைக்கு முடியலன்னு சொல்ற. அடுத்த வாரம் ரொம்ப முடியலன்னு சொல்லுவ. அப்புறம்தான் விஷயத்தச் சொல்லுவ. நானும் நாலு வீட்டுக்கு அப்படித்தான்டி போய்ச் சொல்லியிருக்கேன்.” குளியலறைப் பதிலையும் சொல்லிப் பார்த்தாள். “அன்னைக்கு நீயும் வீட்டுலதானே இருந்த” என்றாள் அம்மா. போனைப் போட்டுக் காதில் வைத்தால், மிச்சக் குரலும் அடங்கி, மறுமுனையில் வெறும் காற்றுச் சத்தம். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தாள். “யாரு பெத்த பிள்ளையோ, பாவம், எதுக்கு அவனக் கஷ்டப்படுத்தற?” அன்றைய செய்தித்தாளை அவன் கையில் பிடித்திருப்பான், தேதியைப் பார், இன்னும் ஒரே தடவை கடைக்கு வா என்று காலைப் பிடித்தாள். அம்மா வரவில்லை. பிள்ளை போன வீட்டுக்காரி மாதிரி தரையைத் துடைத்தாள், குறைவாகச் சாப்பிட்டாள். உயிரோடு இருக்கிற மகனுக்காக ஒரு தாய் அழுது ஓய்வதை அவள் கூடவே இருந்து பார்த்தாள்.

கடையில் ஒருநாள், புதிதாக வந்த ஒரு தம்பதிக்குக் காட்டும்போது லைன் நின்றது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. தட்டவில்லை. “நின்னுடுச்சுங்க. அடிக்கடி நிக்கும். வந்தா பார்ப்போம்” என்றாள். மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னாள். எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒருநாள் வந்து, “அக்கா, இப்பதான் நிஜம் மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணு எழுதிக்குங்க” என்றார். தலைமையாசிரியரும் வாங்கினார். மருந்துக் கடைக்காரரும் வாங்கினார்.

அந்த வாரமே கூட்டாளி கூப்பிட்டான். கடையிலிருந்து வீட்டுக்கு அவள் எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும், “சொல்ற நாள் வந்துடுச்சா?” என்று கேட்டு, பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாள். “இத்தனை நாளா தனியா சுமந்திருக்கியே” என்றாள். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

நாட்கள் போன பிறகு கூட்டாளி பெட்டியை அனுப்பிவைத்தான். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். கட்டம் போட்ட சட்டை கைக்கு வந்தது. முதுகில் ஊசி குத்திய ஓட்டைகளை விரலால் தடவினாள். காலருக்குக் கீழே முதல் பொத்தான் மட்டும் பழுப்பு நிறத்தில் இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. அம்மா எழுந்து போய் அலமாரிக் கண்ணாடியிலிருந்து போட்டோவை எடுத்து வந்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து வெகு நேரம் பார்த்தாள். போட்டோவில் எல்லாப் பொத்தானும் வெள்ளை.

“அன்னைக்குக் கடையில” என்று ஆரம்பித்தாள். தலையைத் தூக்கவில்லை. “இந்தப் பொத்தான் இப்படித்தான் இருந்துச்சு, இல்ல?”

டெமோ அக்கா அம்மாவின் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள்.

“அது படம்தானடி?”

வாயில் வந்தது முழுவதும் அந்தக் குளியலறை, அந்த வாளி, எங்க எழுந்து போனாங்க என்று கேட்ட அந்தக் குரல். எல்லாவற்றையும் விழுங்கினாள். எத்தனை பேரை எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறாள், முகம் அதற்குப் பழகியிருந்தது.

“படம்தாம்மா” என்றாள். “நான்தான் போட்டேன்.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது நம்பிக்கையா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு அம்மா சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது.

டெமோ அக்கா எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வாளி நிரம்பி, தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.