ஏழாம் நம்பர் காட்டு ஏற்றம்

மஞ்சூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் வாசுகிக்கு முப்பத்தாறு வயது. காட்டுப்பாதை டிரையத்லான் என்றால் என்னவென்று அவள் லைன் வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஏரியில நீந்தி, மலையில சைக்கிள் மிதிச்சு, அப்புறம் ஓட வேற ஓடணுமாங்க. நம்ம வாசுகிக்குக் கிறுக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

அவளுடைய சாமான்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். குன்னூர் வாத்தியார் ஒருவர் கழித்துவிட்ட மலைச் சைக்கிள். பின் பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஒரு கண்ணில் தண்ணீர் இறங்கும் நீச்சல் கண்ணாடி. மற்றவர்கள் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்போடு இறங்கும் குளிர்த் தண்ணீரில் இவள் லெக்கின்ஸும் பனியனுமாக இறங்குவாள். ஷூ மட்டும் புதிது. அதையும் அடுப்போரம் காயவைத்து ஒரு பக்கம் உருக்கிவிட்டாள், மகராசி. ஆனால் கால்! பதினாறு வருடம் கொழுந்து மூட்டையோடு மேடு ஏறிய கால் எந்தக் கடையில் கிடைக்கும்?

பந்தயத்தை ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போன வருடம் நேரம் போதாதென்று பாதியிலேயே நிறுத்தி, அவள் வேலை செய்யும் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டு வழியாகவே ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வருடம் அதே வழியில் தன் காலால் போய் முடிக்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

நீச்சலில் கடைசிக்கு முந்தியவளாகக் கரையேறினாள். சைக்கிளில் ஏழெட்டுப் பேரைத் தாண்டினாள். ஏழாம் நம்பர் காட்டுச் செங்குத்தில் எவராக இருந்தாலும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். கொழுந்து முற்றிவிடும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. ஏற்றத்தின் அடியில் பாதையோரம் அங்கம்மா நின்றாள். பத்து வருடமாக வாசுகிக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுப்பவள்.

அந்தக் காட்டில் யாரும் மூட்டையைத் தனியாகத் தூக்கியதில்லை. ஒருத்தி குனிந்தால் பக்கத்தில் இருப்பவளின் கை தானாக நீளும். காலையில் சண்டை போட்டிருந்தாலும் நீளும். அங்கம்மாவின் கையும் அப்படித்தான் நீண்டது. சீட்டைப் பிடித்து, தம் கட்டி, வளைவு வரைக்கும் தள்ளிவிட்டாள்.

"ஐயோ அக்கா!" வாசுகிக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியாள் கை பட்டால், பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி ஏற வேண்டும், இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவோம் என்று காலையில்தான் மைக்கில் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் பந்தயக்காரர்கள் யாருமில்லை. இதே வேகத்தில் ஓட்டத்தையும் முடித்தால்கூட அவளுக்கு நான்கு நிமிடம்தான் மிஞ்சும்.

"போடி, யாரு பாத்தா?" என்றாள் அங்கம்மா.

"நான் பாத்தேனேக்கா."

சைக்கிளைத் திருப்பிக் கீழே இறக்கினாள். அங்கம்மாவின் முகம் சுண்டிப்போனது. "நான் தொட்டது அத்தனை குத்தமா?" என்றாள். "வெளியாள் தொட்டா பேர அடிச்சிருவாங்கக்கா" என்று மூச்சு வாங்கச் சொன்னாள் வாசுகி. அவள் மறுபடி அடியிலிருந்து ஏறத் தொடங்கியதும் அங்கம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏய், ஒருத்தியும் கிட்டப் போகாதீங்க! கையப் பின்னால கட்டுங்கடி!"

பத்துப் பெண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வாய்க்கு யார் தடை போட்டது? "ஏறு புள்ள, ஏறு!" என்று அவர்கள் போட்ட சத்தம் ஃபாக்டரி வரைக்கும் கேட்டதாம்.

ஓட்டத்தையும் ஓடி, நாற்பது நொடி மிச்சம் வைத்து வாசுகி பந்தயத்தை முடித்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் எடைக்குப் போக மூட்டையைக் கட்டிவிட்டுக் குனிந்தாள். தொடை இரண்டும் கெஞ்சின, மூட்டை அசையவில்லை. அங்கம்மா பக்கத்திலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் நின்றாள்.

"தொடலாமா? இல்ல, பேர அடிச்சிருவாங்களா?"

"தூக்கி விடுக்கா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அங்கம்மா தூக்கிவிட்டாள். மூட்டை தலையில் ஏறிய பிறகும், மேடு முடியும் வரைக்கும் அவள் கை வாசுகியின் முதுகை விட்டு அகலவில்லை.