சமயம் மாறிய வரைபடம்

அந்தப் பள்ளியின் மூத்த புவியியல் ஆசிரியருக்குப் ‘பூகோளம்’ என்று பெயர் விழுந்தது பாடத்தாலா தொந்தியாலா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய மெய்யான சமயம் பொறாமை என்பதில் மட்டும் வேறுபாடே கிடையாது.

எல்லாச் சமயங்களையும் போல இதற்கும் ஒரு பிறப்பிடம் இருந்தது: அடுத்த வகுப்பறை. அங்கே பாடம் நடத்தியவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். புனிதத் தலமும் அங்கேதான். சகலை கைக்காசு போட்டு வாங்கி மாட்டிய பெரிய உலக வரைபடம்! எந்தச் சமயம் எங்கே பிறந்தது, எந்த வழியாகப் பரவியது என்று வண்ணமும் அம்புக்குறியுமாக அது மின்னும். தண்ணீர் குடிக்கும் சாக்கில் பூகோளம் தினமும் அந்தச் சன்னலுக்கு யாத்திரை போய், வயிறு எரிந்து திரும்புவார்.

இந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் பதவி காலியானது. இருவரும் உலகச் சமயங்கள் பாடம் நடத்த வேண்டும். ஆய்வாளர் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்.

“அந்தப் படத்த ஒரு நாள் கேளுங்களேன். குடுப்பாரே,” என்றாள் மனைவி.

“அவன்கிட்டயா? அதுக்கு நான் வேலையையே விட்டுருவேன்.”

கடைக்குப் போன் போட்டார். “உலக சமயப் படம் ஒண்ணு வேணும். இருக்கறதுலயே பெருசா அனுப்புங்க.”

படம் வந்ததோ ஆய்வாளர் வரும் நாள் காலையில்தான். ஆய்வாளர் அடுத்த வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், பூகோளம் சுருளைக் கம்பீரமாகப் பிரித்தார். மேலிருந்து கீழே கோடு கோடாக இருந்தது. ஒவ்வொரு கோட்டின் உச்சியிலும் ஒரு கடிகாரம். எந்த நாட்டில் மணி என்ன என்று காட்டும் படம்! கடைக்காரருக்குத் தெரிந்த சமயம் அது.

“சார், இதுல எட்டரை மணி எந்த சமயம் சார்?” என்றாள் முன்வரிசைப் பெண்.

பூகோளம் படத்தை அவசரமாகச் சுருட்டினார். அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் சகலையின் சிரிப்பு கேட்டது. அவ்வளவுதான்.

“படம் கெடக்கட்டும். சமயம் எப்படிப் பரவுதுன்னு எங்க வீட்ட வெச்சே சொல்றேன். என் கொழுந்தியா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தா. கூடவே பகல் தூக்கத்தையும் கொண்டுவந்தா. ஆளோட பழக்கமும் எடம் மாறுச்சா, அது குடிபெயர்ச்சிப் பரவல். அவ வீட்டுக்கு சோபா வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு வந்துச்சு. கடைசியில என் தலையிலயும் விழுந்துச்சு. அது தொற்றுப் பரவல். தலைமையாசிரியர் மீசைய எடுத்தார், வாத்தியார் அத்தன பேரும் எடுத்தோம். மேல இருந்து கீழ, படிநிலைப் பரவல்!”

“யார் வேணும்னாலும் சேரலாமா சார்?”

“சில சமயம் எல்லாரையும் வா வான்னு கூப்புடும். சிலதுல அங்கயே பொறந்திருக்கணும், மத்தவங்களுக்கு எடமில்ல. எங்க மாமனார் வீட்டு மரியாத மாதிரி. அது சின்ன மாப்பிள்ளைக்கு மட்டுந்தான்!”

வகுப்பு குலுங்கியது. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதவி பூகோளத்துக்கே.

சகலையின் முகம் கறுப்பதைக் கண்குளிரப் பார்க்க அவர் அடுத்த வகுப்புக்கு நடந்தார். சகலை வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே! சொவத்துல காத வெச்சுக் கேட்டேண்ணே. இப்படி ஒரு பாடம் நான் ஜென்மத்துக்கும் நடத்த முடியாது. எனக்கே கெடச்ச மாதிரி இருக்கு!”

பொய்யில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது.

வீட்டில் மனைவி கேட்டாள்: “பதவி வந்தும் மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?”

“உன் தங்கச்சி புருஷனுக்கு எம்மேல துளிகூடப் பொறாம இல்லடி.”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது? அந்த மாதிரி மனசு எனக்கு வந்துச்சா? அதையும் அவனே வெச்சிருக்கான் பாரு!”